புத்தளம் கரையில் குறுங்கால மறைக்கல்வி

இலங்கையின் வடமேற்குக் கரையில், சிலாபம் தொடங்கிக் கற்பிட்டி வரை, பொதுமக்கள் கிறிஸ்தவ மறையைக் கற்றது பெரும்பாலும் சில நாள், சில வாரப் படிப்பாகவே. ஆண்டுக்கணக்கில் இறையியல் கற்பிக்கும் குருமடங்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கண்டிக்கு அருகே அம்பிட்டியிலும் அமைந்தன. இந்தக் கரைக்குக் கிடைத்தவை குரு வந்து தங்கும் நாள்கள், தவக்கால இரவுகள், திருவிழாவுக்கு முந்திய நவநாள்கள், பிற்காலத்தில் பாடசாலை விடுமுறை வகுப்புகள். கோடை வகுப்பு என்று இன்று சொல்லப்படும் குறுங்கால மறைப்படிப்புக்கு இங்கே ஏறத்தாழ நானூறு ஆண்டு முன்வரலாறு உண்டு.

மதுரங்குளி இந்தக் கரையில், கொழும்பு–புத்தளம் வீதியில், முந்தலுக்கும் பாலாவிக்கும் இடையில் இருக்கிறது. முந்தல் ஏரியையும் புத்தளம் களப்பையும் இணைக்கும் நீர்வழி இப்பகுதியை ஒட்டிச் செல்கிறது. தென்னை, உப்பு, மீன், இறால் ஆகியவையே இச்சுற்றுப்புறத்தின் பிழைப்பு. தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெருந்தொகையாகவும், சைவர்களும் கத்தோலிக்கரும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலும் வாழ்கிறார்கள். கத்தோலிக்கர் எங்கும் சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறியிருந்ததும், மீன்பாட்டைத் தொடர்ந்து வாடி மாறும் குடும்பங்கள் அவர்களில் பல இருந்ததும், மறைக்கல்வி இங்கே குறுங்காலத்துக்குரியதாக அமைந்ததற்கு முதற் காரணங்கள்.

முத்துக்கரையிலிருந்து வந்த முறை

குறுங்கால மறைக்கல்விக்கான முறை எதிரே தமிழகக் கரையில் உருவானது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழ் அறிந்தவர்களின் துணையோடு தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். ஒவ்வோர் ஊரிலும் மணியடித்துத் தெருவில் சென்று பிள்ளைகளைச் சேர்த்தார். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அயலாருக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளின் கடமை. ஓரூரில் அவர் தங்கியது சொற்ப காலமே. புறப்படும்போது செபங்களின் எழுத்துப் படியை வைத்துவிட்டு, ஊரில் ஒருவரை மறை கற்பிக்கும் கணக்கப்பிள்ளையாக நியமித்தார். அந்தக் கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்க, போர்த்துக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பணத்தை அவர் கேட்டுப் பெற்றார்.

குரு சில நாள் கற்பிக்க, ஊரில் இருப்பவர் ஆண்டு முழுவதும் அதைக் காக்கும் ஏற்பாடு இப்படித் தொடங்கியது. அதற்கு வேண்டிய நூலும் விரைவில் வந்தது. அன்றிக்கே அன்றிக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது; மறுஆண்டு ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் வெளிவந்தது. இரண்டும் மறைக்கல்வி நூல்கள்.

1544இல் சவேரியார் அனுப்பிய ஒருவர் வழியாக மன்னார்த் தீவினர் மதம் மாறியதையும், யாழ்ப்பாண மன்னன் அவர்களில் சுமார் 600 பேரைக் கொல்வித்ததையும் சபை வரலாறுகள் பதிவுசெய்கின்றன. இயேசு சபையினர் 1602இல் இலங்கைக்கு வந்தபின் சிலாபத்திலும் கற்பிட்டியிலும் பணித்தளங்கள் அமைந்தன. ஒரு குருவின் பொறுப்பில் பல கடலோர ஊர்கள் இருந்தபடியால் முத்துக்கரையின் முறையே இங்கும் பயன்பட்டது.

தடைக்காலமும் இரவுப் பாடமும்

1658இல், போர்த்துக்கேயரை அகற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்தனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை வந்தது. கற்பிட்டியில் 1667இல் தொடங்கிக் கோட்டை கட்டினார்கள். ஆனால் களப்பின் கிழக்குக் கரையிலிருந்த புத்தளம், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கை வரையில் கண்டியரசின் துறைமுகமாக இருந்தது. ஒல்லாந்தக் கட்டளை அங்கே செல்லாது. ஒரே களப்பின் ஒரு கரையில் தண்டனைக்குரியதாக இருந்த வழிபாட்டுக்கு மறுகரையில் இடம் கிடைத்தது.

கோவாவைச் சேர்ந்த ஓரட்டோரியன் குருவான யோசேவ் வாஸ் 1687இல் தூத்துக்குடியிலிருந்து தோணி ஏறி, பிச்சைக்காரரின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலையில் மறைந்து பணியாற்றினார். யாழ்ப்பாணத்தில் கெடுபிடி மிகுந்தபோது 1690இல் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். 1692இல் கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கேய ஒற்றர் எனச் சந்தேகித்துச் சிறையிட்டார்கள். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரை நம்பிப் பணியாற்ற இடங்கொடுத்தான். கோவாவிலிருந்து துணைக்குருக்கள் வந்து சேரும் வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தீவின் கத்தோலிக்கருக்கெல்லாம் அவர் ஒருவரே குரு. 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார்; 2015 ஜனவரி 14இல் காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒல்லாந்தர் ஆட்சிப் பகுதியில் வாஸ் முதலிய குருக்களின் வருகை இருட்டிய பின்தான் தொடங்கும். நம்பிக்கையான ஒரு வீட்டில் ஊரார் கூடுவார்கள். முந்திய வருகைக்குப் பின் பிறந்த பிள்ளைகள், இறந்தவர்கள், மணம் முடிக்கக் காத்திருப்போர் ஆகியோரின் விவரத்தை ஊர்த்தலைவர் ஒப்புவிப்பார். பாவசங்கீர்த்தனம் கேட்பதிலேயே இரவின் பெரும்பகுதி போய்விடும். திருமுழுக்குக்கும் மெய்விவாகத்துக்கும் வந்தவர்களிடம் மந்திரங்களும் கட்டளைகளும் தெரியுமா என்று குரு கேட்பார். தெரியாதவர்களுக்கு அங்கேயே பாடம். விடியுமுன் பூசை முடிந்துவிடும்; குரு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். ஒரு சமூகத்தின் ஓராண்டு மறைக்கல்விக்குக் கிடைத்த நேரம் சில இடங்களில் இவ்வளவுதான்.

ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையும் தன் வழியில் மறைக்கல்வி நடத்தியது. ஊர்ப்பள்ளியில் உபாத்தியாயர் எழுத்தோடு வினாவிடையையும் கற்பித்தார்; திருமுழுக்கு, திருமணப் பதிவுகளும் அவர் கையில் இருந்தன. பள்ளிக்கு வராத பிள்ளையின் பெற்றோருக்குத் தண்டப்பணம் உண்டு. பள்ளிப் பரிசோதகர் குழு ஊர் ஊராகச் சுற்றி வந்து பிள்ளைகளைச் சோதித்தது. உள்ளூர் உபதேசியாரை உருவாக்க 1690இல் நல்லூரிலும் 1696இல் கொழும்பிலும் குருமடங்கள் திறக்கப்பட்டன. கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. சட்டப் பதிவுக்காக அங்கே பெயர் கொடுத்த பலர் வீட்டில் கத்தோலிக்கராகவே இருந்தார்கள். 1796இல் ஆட்சி பிரித்தானியரிடம் போனதும் சீர்திருத்தச் சபையின் எண்ணிக்கை இக்கரையில் விரைவாகச் சரிந்தது. ஆண்டு முழுவதும் நடந்த பள்ளி தோற்று, எப்போதோ வந்துபோன குருக்களின் படிப்பு நிலைத்ததற்குச் சபை வரலாற்றாசிரியர்கள் பல காரணம் சொல்வார்கள். உள்ளூர்த் தலைமை அவற்றுள் முக்கியமானது.

அண்ணாவியும் மூப்பரும்

யோசேவ் வாஸ் அந்த உள்ளூர்த் தலைமையை ஒழுங்குபடுத்தினார். ஒவ்வொரு கோவிலுக்கும் ஒரு மூப்பர். கோவிலும் அதன் உடைமையும் ஒழுங்கும் அவர் பொறுப்பு. அண்ணாவி செபங்களைத் தலைமையேற்றுச் சொல்வார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பார். பூசைக்குரிய பொருள்களைக் காப்பவர் சங்கிலித்தாம். குரு இல்லாத ஞாயிறுகளில் சனம் கோவிலில் கூடும். அண்ணாவி மந்திரங்களைச் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்வார்கள். பிறகு ஓலையிலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படும். மரணப் படுக்கையில் இருப்பவருக்குச் செபம் சொல்வதும், சாகும் நிலையிலுள்ள குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பதும் அண்ணாவியின் வேலையே. இதற்காக அவர் கற்றது நூல்வழி இறையியல் அன்று. ஆனாலும் திருமுழுக்கு எந்த வார்த்தைகளால் செல்லுபடியாகும், எந்த உறவுமுறையில் மணம் தடை, எந்த நாள் ஒருசந்தி என்பவற்றைப் பிழையில்லாமல் அறிந்திருக்க வேண்டியிருந்தது. குரு வரும்போதெல்லாம் அவரோடு இருந்து கேட்டறிவதே அண்ணாவியின் பயிற்சி.

அவர் கையிலிருந்த ஓலைகளுக்குப் பெரிதும் காரணமானவர் யாக்கோமே கொன்சால்வெஸ். கோவாவின் திவார் தீவில் 1676இல் பிறந்த இவர் 1705இல் இலங்கை வந்தார். தமிழிலும் சிங்களத்திலும் ஆழ்ந்த புலமை பெற்று, இரு மொழிகளிலும் போர்த்துக்கேயத்திலும் நாற்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். எழுத்தர்களை வைத்து அவற்றை ஓலையில் படியெடுத்துக் கோவில்களுக்கு அனுப்பினார். 1742இல், சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள போலவத்தையில் இறந்தார். தமிழில் ‘தேவ அருள்வேத புராணம்’ வேதாகம வரலாற்றைப் படைப்பிலிருந்து சொல்லிச் செல்கிறது. ‘வியாகுலப் பிரசங்கம்’ கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றியது.

‘வியாகுலப் பிரசங்கம்’ வாசிக்கப்படும் விதம் தனியானது. தவக்காலத்தில், சிறப்பாகப் பெரிய கிழமையில், பயிற்சி பெற்ற ஒருவர் அதை இழுத்த ஓசையில் இராகம்போட்டு வாசிப்பார். நீண்ட வாக்கியங்களை எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பதை மூத்தவர்களிடமிருந்து இளையவர்கள் பல ஆண்டு கேட்டுப் பழகுவார்கள். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் சனம் மன்றாட்டுச் சொல்லும். நூலில் உருக்கத்தோடு விளக்கமும் கலந்திருக்கிறது: கிறிஸ்து ஏன் துன்புற வேண்டியிருந்தது, அத்துன்பம் மனிதருக்கு எப்படி மீட்பாகிறது என்பவை காட்சிக்குக் காட்சி எடுத்துரைக்கப்படுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் நாற்பது தவக்காலம் இதைக் கேட்டிருந்தால், மீட்பியலின் அடிப்படைகளை அதன் மூலச் சொற்களோடு அறிந்திருப்பார்.

கூத்தும் இதே வேலையைச் செய்தது. மன்னார்ப் பகுதியின் வாசாப்புகளும் யாழ்ப்பாணத்தின் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளும் புனிதர் வரலாறுகளையும் மூவிராசாக்களின் கதையையும் மேடையேற்றின. கூத்துப் பழக்குபவருக்கும் அண்ணாவியார் என்றே பெயர். மேடையேறும் இரவு ஒன்றாயினும் பழகும் இரவுகள் பல.

அமலமரித் தியாகிகளும் பள்ளிகளும்

1806இல் பிரித்தானிய ஆட்சி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியது. ஆனால் குருக்களின் எண்ணிக்கை அப்போதும் குறைவே.

1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் இலங்கை வந்தார்கள். 1816இல் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் எவுஜின் தெ மசெனோ தொடங்கிய இச்சபையின் முதல் நோக்கமே கிராமங்களில் மக்கள் மொழியில் சில வாரத் தியானப் பிரசங்கங்கள் நடத்துவதுதான். இரண்டு மூன்று குருக்கள் ஓரூருக்கு வந்து தங்குவார்கள். காலையில் வினாவிடை, மாலையில் பிரசங்கம், நடுவில் பாவசங்கீர்த்தனம், பிணக்குத் தீர்த்தல், ஒழுங்கில்லாத மணங்களைச் சீர்செய்தல் என்று நாள்கள் போகும். இந்த முறை யாழ்ப்பாண மேற்றிராசனத்தின் ஊர்களில் வேரூன்றியது. புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளும் அப்போது அந்த மேற்றிராசனத்தின் பொறுப்பிலேயே இருந்தன. முன்பு ஓரிரவுக்குள் அடங்கிய படிப்பு சில வாரங்களாக நீண்டது இதனால்தான். 1876இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘சத்திய வேத பாதுகாவலன்’ பத்திரிகையும் கத்தோலிக்க அச்சகமும் அச்சிட்ட செபப் புத்தகங்களையும் வினாவிடைகளையும் ஊர்களுக்குக் கொண்டுசேர்த்தன. ஓலை மெல்ல மறைந்தது.

அரசு நன்கொடையோடு நடந்த மதப் பாடசாலைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகின. வாரநாள்களிலேயே மறைக்கல்வி கிடைத்தபோது அண்ணாவியின் முக்கியத்துவம் குறைந்தது, ஆசிரியரே உபதேசியாரானார். பள்ளிக்கு வெளியே திருவிழாக்களும் கற்பித்தன. 1926இல் புத்தளம் வரை புகையிரதம் வந்தது. தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குத் தெற்கிலிருந்து போகும் யாத்திரிகர் மதுரங்குளியைக் கடந்து பாலாவி வரை வந்து, கற்பிட்டி வீதியில் திரும்பினர். தலவிலவில் மார்ச்சிலும் ஓகஸ்ட்டிலும் பெருவிழாக்கள். குடும்பங்கள் மரநிழலில் கூடாரமடித்துப் பல நாள் தங்கும். நவநாள் பிரசங்கங்கள் தமிழிலும் சிங்களத்திலும் நடக்கும். ஓகஸ்ட் விழா புத்தளத்தின் வறண்ட காலத்திலும் பாடசாலை விடுமுறையிலும் விழுவதால், இக்கரைக்கு நெடுங்காலம் கோடைக்கால மறைக்கல்வியாக இருந்தது அதுவே.

1939 ஜனவரி 5இல் கொழும்பு, யாழ்ப்பாண மேற்றிராசனங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துச் சிலாபம் மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. 1940 முதல் 1972 வரை ஆயராக இருந்த எட்மன்ட் பீரிஸ் சிறந்த வரலாற்றறிஞர். தமிழ் பேசிய கத்தோலிக்கர் பலர் வாழ்ந்த சிலாபம்–நீர்கொழும்புக் கரையில், பாடசாலை மொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியதும் அவர் காலத்துடன் தொடர்புடையது. ஓரிரு தலைமுறைக்குள் வீட்டுமொழியும் பல ஊர்களில் மாறியது. மறைக்கல்விக்கு இதன் விளைவு பெரியது. பாட்டி தமிழில் சொன்ன மந்திரத்தைப் பேரப்பிள்ளை சிங்களத்தில் படித்தது. தமிழில் மறைக்கல்வி புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து ஊர்களுக்குச் சுருங்கியது. தமிழ் நூல்களுக்கும் தமிழ்ப் பயிற்சிக்கும் இவ்வூர்கள் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் தமிழ்நாட்டையும் எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

விடுமுறை வகுப்பின் வருகை

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. சமயபாடம் தொடர்ந்து கற்பிக்கப்பட்டாலும், மறைக்கல்வியின் சுமை மறுபடியும் கோவிலின் மேல் விழுந்தது. ஞாயிறு மறைப்பாடசாலைகள் வலுப்பெற்றன. அடுத்து வந்த ஆண்டுகளில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) வழிபாட்டைத் தாய்மொழிக்கு மாற்றியது. இறையியல் குருக்களுக்கு மட்டும் உரியதன்று, பொதுநிலையினரும் கற்க வேண்டியது என்ற கருத்தையும் பரப்பியது. கொழும்பில் பீற்றர்பிள்ளை அடிகளார் 1954இல் தொடங்கியிருந்த அக்குவைனாஸ் கல்லூரி பொதுநிலையினருக்கு உயர்கல்வி அளித்து வந்தது. பெங்களூரில் 1967இல் அமலோற்பவதாஸ் அடிகளார் நிறுவிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் குருக்களுக்கும் துறவியருக்கும் பொதுநிலையினருக்கும் குறுங்காலப் பயிற்சிகளை நடத்தியது. யாழ்ப்பாணத்தின் கொழும்புத்துறையில் 1976 முதல் தமிழ்வழிப் பெரிய குருமடம் இயங்குகிறது. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வகுப்புகளுக்குப் பொதுவான பாடநூலாயிற்று.

புரட்டஸ்தாந்துச் சபைகளிலும் இதற்கு இணையான வளர்ச்சி உண்டு. அமெரிக்காவில் சட்டாகுவா ஏரிக்கரையில் 1874இல் ஞாயிறுபள்ளி ஆசிரியர்களுக்கென நடந்த கோடைக் கூட்டம் பின்னர் பெரிய கல்வி இயக்கமாக வளர்ந்தது. 1881 முதல் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் போதகர்களுக்குக் கோடையில் எபிரேயம் கற்பித்தார். கனடாவின் வன்கூவரில் ரீஜென்ட் கல்லூரி 1969இல் ஒரு கோடைப் பள்ளியாகவே தன் வகுப்புகளைத் தொடங்கியது. குவாத்தமாலாவில் 1963இல் உருவான விரிவாக்க இறையியல் கல்வி, வேலையை விடாமலே ஊரிலிருந்து படிக்க வழிசெய்தது. இந்தியாவில் அது 1970களில் பரவியது. இலங்கையில் 1963இல் பிலிமத்தலாவையில் அமைந்த இலங்கை இறையியல் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கிறது. தமிழ்நாட்டின் ஏப்ரல், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிகள் சிறுவருக்கான வகை.

மேல்நாட்டுக் கோடைப் படிப்புக்கும் புத்தளம் கரையின் படிப்புக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கல்லூரிகள் ஏற்கெனவே இருந்தன. நேரமில்லாதவருக்கு விடுமுறையில் அவை திறக்கப்பட்டன. இங்கே கல்லூரி எட்டாத தொலைவில் இருந்தது. குறுங்காலப் படிப்பைத் தவிர வேறு படிப்பே பெரும்பாலோருக்கு வாய்க்கவில்லை. இலங்கைப் பாடசாலைகளுக்குத் தவணை விடுமுறை ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில் வருவதால் இங்குள்ள விடுமுறை வகுப்பும் அந்த இடைவெளிகளிலேயே நடக்கிறது.

இத்தகைய வகுப்பின் அமைப்பு பொதுவாக எங்கும் ஒன்றே. கோவில் மண்டபத்தில் காலைச் செபத்தோடு தொடங்கும். விவிலியம், திருவருட்சாதனங்கள், திருச்சபை வரலாறு, ஒழுக்கம் எனப் பாடம் பிரியும். நடுவில் பாட்டு, வினாடிவினா, சிறு நாடகம். இறுதி நாளில் சோதனையும் சான்றிதழும். வயதுவந்தவர்களுக்கும் மறையாசிரியர்களுக்கும் நடக்கும் வகுப்பில் விவிலிய நூல்களின் பின்னணியும் வத்திக்கான் சங்க ஏடுகளும் சேரும். வளவாளர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருபவர். வகுப்பு முடிந்ததும் போய்விடுவார்.

சவேரியாரும் யோசேவ் வாசும் தியானக் குருக்களும் அப்படி வந்து போனவர்களே. அவர்கள் கற்பித்தது நிலைத்ததற்குக் காரணம், கணக்கப்பிள்ளையோ அண்ணாவியோ நூலும் பொறுப்பும் ஏற்று ஊரிலேயே இருந்தது. கையில் வாசிப்பதற்கு நூல் இருந்தது. வாசிக்க வேண்டிய நாள் சபை நாள்காட்டியில் இருந்தது. கேட்பதற்குச் சனம் கூடியது. இன்றைய விடுமுறை வகுப்புகளில் பலவற்றுக்கு இந்தத் தொடர்ச்சி இல்லை. சான்றிதழோடு படிப்பு முடிந்துவிடுகிறது. வகுப்பு நடத்தும் பங்குகள் வெளியூர் வளவாளருக்குச் செலவிடுமளவு அக்கறையை ஊரில் தங்கும் மறையாசிரியரின் பயிற்சிக்கும், அவர் கையில் இருக்க வேண்டிய தமிழ் நூல்களுக்கும் காட்ட வேண்டும். குறுங்காலப் படிப்பு பயன்தர இக்கரையின் வரலாறு காட்டும் வழி அதுவே.